பனைத் தொழிலின் பாதி அடுப்படியில் இருக்கிறது

பனை மீது தமிழ்நாட்டின் கவனம் திரும்பியிருக்கிறது. கடற்கரையோரம் விதை ஊன்றுகிறோம். ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்கிறது அரசு. மரமேறும் கருவிகளுக்கு ஊக்கமும் மானியமும் அறிவிக்கப்படுகின்றன. எல்லாமே வரவேற்க வேண்டியவை. ஆனால், இந்த அக்கறை மரத்தோடும் மரமேறும் ஆணோடும் நின்றுவிடுகிறது. இறக்கிய பதநீரைக் கருப்பட்டியாக்கும் பெண் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர் அடுப்பை விட்டு விலகினால், பனை எத்தனை இருந்தும் தொழில் இருக்காது.

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில் குறுக்குச்சாலை, எட்டயபுரம் வழியாகப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: சாலையோரம் வரிசையாகக் ‘கருப்பட்டிக் காப்பி’ பலகைகள். சீனியைத் தவிர்க்க விரும்பும் நகரத்து மக்கள் கருப்பட்டியைத் தேடி வாங்குகிறார்கள். உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. விலையும் சீனியைப் போலப் பல மடங்கு.

தேவை இருக்கிறது, விலை இருக்கிறது, பெயர் இருக்கிறது. ஆனாலும் தூத்துக்குடி மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் ஆண்டுக்கு ஆண்டு அடுப்புகள் அணைந்துகொண்டே வருகின்றன. இளைஞர்கள் மரமேற முன்வருவதில்லை என்பதை மட்டுமே இதற்குக் காரணமாகச் சொல்லிவருகிறோம். அது பாதிக் காரணம்தான். தன் மகளை அந்த அடுப்புக்கு முன்னால் உட்காரவைக்க எந்தத் தாயும் விரும்பவில்லை என்பது மீதிக் காரணம்.

கோடைக்குக் கஞ்சி ஊற்றும் மரம்

ஓட்டப்பிடாரம் வானம் பார்த்த பூமி. ஆண்டுக்குச் சராசரியாக 650 மில்லிமீட்டர் அளவுக்கே மழை. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் தை, மாசியோடு வீடு வந்து சேர்ந்துவிடும். பருத்தியும் மிளகாயும் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அதற்குப் பிறகு கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பங்குனி முதல் ஆடி வரை காட்டில் வேலை என்று எதுவும் இராது.

அந்த மாதங்களில்தான் பனை சுரக்கிறது. மாசி, பங்குனியில் பாளை விட்டு, சித்திரை, வைகாசியில் பதநீர் பெருகி, ஆடியோடு வற்றுகிறது. நிலம் கைவிடும் பருவத்தில் குடும்பத்துக்குக் காசு கொண்டுவருவது இந்த மரம்தான். நஞ்சை உள்ள ஊருக்குக் கருப்பட்டி பலகாரத்துக்கான பொருளாக இருக்கலாம். இந்த ஊர்களில் அது நான்கைந்து மாதப் பிழைப்பு.

கரிசல் காட்டில் வரப்போரமும் கண்மாய்க் கரையிலும் நிற்கும் பனைகள், கிழக்கே கடலை நெருங்க நெருங்க அடர்த்தியாகின்றன. குளத்தூர், வைப்பார், வேம்பார் என்று போய், மாவட்ட எல்லை தாண்டிச் சாயல்குடி வரை அது பனங்காடுதான். அங்கே பருவம் தொடங்கியதும் தோப்புக்குள்ளேயே பனையோலையால் விடிலி போடுவார்கள். அடுப்பும் அண்டாவும் அதற்குள் இருக்கும். சில குடும்பங்கள் ஆடி வரை அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

அடுப்படியில் என்ன நடக்கிறது?

மரமேறுவதன் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். அடுப்படி வேலையின் நுணுக்கம் வெளியே தெரிவதில்லை. அதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும்.

பனையேறி விடியும் முன்பே மரத்துக்குப் போய்விடுவார். அதற்கு முன்பே பெண்ணின் வேலை தொடங்கிவிடும். கலயங்களைக் கழுவி, உள்ளே சுண்ணாம்பு தடவி வைக்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். கூடினால் கருப்பட்டியின் நிறமும் ருசியும் கெடும். இதற்கு அளவுகோல் கிடையாது. கைப்பழக்கம்தான்.

இறக்கிய பதநீரைத் தோப்பிலிருந்து அடுப்புக்குச் சுமப்பதும் பெரும்பாலும் பெண்களே. அதை வடிகட்டி அண்டாவில் ஊற்றித் தீ மூட்டினால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பதநீரைத் தள்ளிப்போடவும் முடியாது. வெயில் ஏறினால் புளித்துவிடும். காய்ச்சலோ, மாதவிலக்கோ, கைக்குழந்தை அழுகையோ எதுவாக இருந்தாலும் அன்றைய பதநீரை அன்றே காய்ச்சியாக வேண்டும். பருவம் முடியும் வரை ஞாயிறும் இல்லை, திருநாளும் இல்லை.

கொதி ஏறியதும் நுரை அண்டாவின் விளிம்பைத் தாண்டப் பார்க்கும். அப்போது தட்டிய ஆமணக்கு முத்தைச் சிறிது போட்டால் நுரை அடங்கும். பாகு இறுகத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். பதம் பார்க்க ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார்கள். உருண்டு நின்றால் இறக்கலாம். அரை நிமிடம் முந்தினால் கருப்பட்டி உறையாமல் பிசுபிசுக்கும், பிந்தினால் கருகிவிடும். விடியலிலிருந்து இரண்டு பேர் பட்ட பாடு அந்த அரை நிமிடத்தில் இருக்கிறது.

பிறகு, ஈரப்படுத்திய சிரட்டைகளில் பாகை ஊற்ற வேண்டும். கொதிக்கும் சர்க்கரைப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு வேகவைத்துவிடும். இந்த வேலை செய்யும் பெண்களின் கைகளிலும் பாதங்களிலும் அந்தத் தழும்புகள் இருக்கும். உறைந்த கருப்பட்டியைத் தட்டி எடுத்து, காயவைத்து, ஓலைப்பெட்டியில் அடுக்கி, ஈரக்காற்று படாமல் காப்பதும் அவர்கள்தான். ஈரம் பட்டால் கருப்பட்டி கசிந்து உருகிவிடும்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் வரை பதநீர் வேண்டும். நாளைக்கு 80 லிட்டர் காய்ச்சும் பெண், ஏறக்குறைய 70 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். அதற்கான விறகை யார் சேர்க்கிறார்கள்? உடங்காட்டில் முள் வெட்டி, பனைமட்டை பொறுக்கி, தலைச்சுமையாகக் கொண்டுவருவதும் அதே பெண்தான். இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுச் சமையலும் பிள்ளைகளும் இருக்கின்றன. மாலையில் ஆடு மாட்டையும் பார்க்க வேண்டும்.

கூலியில்லாத தொழிலாளி

இந்த உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது. கருப்பட்டி விற்ற பணம் குடும்பத் தலைவர் கைக்குப் போகிறது. பல இடங்களில் அவர் கைக்கும் முழுதாகப் போவதில்லை. பருவம் தொடங்கும் முன்பு கலயம் வாங்கவும் மரக் குத்தகைக்கும் வீட்டுச் செலவுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கருப்பட்டியை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். கடையில் நாம் கொடுக்கும் விலைக்கும் விடிலியில் கிடைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அங்கேயே உருவாகிவிடுகிறது.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இப்படிப்பட்ட பெண்களுக்கு ஒரு பிரிவு உண்டு: குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர். மரமேறுபவர் தொழிலாளி, பாகு காய்ச்சுபவர் உதவியாளர். இந்தப் பாகுபாடு கணக்கெடுப்புத் தாளோடு நிற்பதில்லை. யாருக்கு நல வாரிய அட்டை, யாருக்கு விபத்து உதவி, யாருக்கு முதுமையில் ஓய்வூதியம் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் பனைமரத் தொழிலாளர்களுக்கென்று 2006-ல் நல வாரியம் அமைக்கப்பட்டது. பனைத் தொழிலில் ஈடுபடும் பெண்களும் அதில் சேர்வதே முறை. ஆனால், பனைத் தொழிலாளி என்றதும் ஊராருக்கும் அலுவலகத்துக்கும் நினைவுக்கு வருவது மரமேறுபவர்தான். பெண்ணும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், வீட்டுக்காரருக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்பார். மரத்திலிருந்து விழுந்தால் அது விபத்து. அண்டா சரிந்து கால் வெந்தால் அது வீட்டில் நடந்த ஒன்று. இந்த வேறுபாட்டுக்கு எந்த நியாயமும் இல்லை.

பனையைப் பற்றி நடக்கும் பொது விவாதமும் இந்தப் பெண்களை ஒதுக்கியே நடக்கிறது. 1987 தொடங்கி தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. அந்தத் தடை நீடிக்கலாமா, கூடாதா என்ற சர்ச்சை ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. அதில் இரு தரப்பாருக்கும் சொல்ல நியாயங்கள் உண்டு. ஆனால், பனைப் பேச்சு கள்ளில் தொடங்கிக் கள்ளிலேயே முடிந்துவிடுவதால், இன்றைக்குச் சட்டப்படி நடக்கும் கருப்பட்டித் தொழிலின் குறைகள் மேடைக்கு வருவதே இல்லை.

சீனி செய்யும் கேடு

கருப்பட்டி வாங்குகிறவர்களின் முதல் கவலை கலப்படம். தூத்துக்குடி மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் கிடங்குகளில் சோதனை நடத்தி, சீனி கலந்த கருப்பட்டியைப் பறிமுதல் செய்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. இதை நுகர்வோரை ஏமாற்றும் வேலையாக மட்டுமே பார்க்கிறோம். அதே சீனி, நேர்மையாகக் காய்ச்சும் பெண்ணின் பிழைப்பையும் அரிக்கிறது.

கணக்கு எளிது. சீனி கிலோ 50 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பாகில் ஒரு மூட்டைச் சீனியைக் கொட்டினால் விறகும் நேரமும் மிச்சம், எடையும் கூடும். அப்படிச் செய்த சரக்கு, பதநீரை மட்டும் காய்ச்சிச் செய்த கருப்பட்டியின் பக்கத்தில் அதே நிறத்தில், அதே சிரட்டை வடிவில் உட்கார்ந்திருக்கும். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே மலிந்த சரக்கே சந்தையின் விலையைத் தீர்மானிக்கிறது. நேர்மையான கருப்பட்டிக்கு அதன் உழைப்புக்கேற்ற விலை கிடைக்காமல் போகிறது.

சோதனை கிடங்கோடு நின்றால் போதாது. சுத்தமான கருப்பட்டியை உற்பத்தியாகும் இடத்திலேயே அடையாளம் காட்ட வேண்டும். புவிசார் குறியீடு ஒரு தொடக்கம். ஆனால், அது உடன்குடிப் பகுதியின் பெயருக்கு உரியது. வேம்பாரிலோ ஓட்டப்பிடாரத்திலோ அதே முறையில் காய்ச்சும் பெண்ணுக்கு அந்தப் பெயர் கிடைக்காது. அவருடைய சரக்குக்கு உத்தரவாதம் தர வேறு வழி வேண்டும்.

விறகும் புகையும்

வீட்டுக்குள் விறகு, சாணம் போன்றவை எரிவதால் உண்டாகும் காற்று மாசு 2020-ல் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் உயிர்களைப் பறித்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் பெண்களும் குழந்தைகளும் அதிகமாகப் பாதிக்கப்படுகிறார்கள். சமையலுக்கான விறகடுப்பே இவ்வளவு கேடு செய்கிறதென்றால், ஓலைக் கூரைக்குக் கீழே நாள்தோறும் பல மணி நேரம் எரியும் கருப்பட்டி அடுப்பைப் பற்றி என்ன சொல்வது?

2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளுக்குச் சமையல் எரிவாயு வந்தது. நல்ல காரியம். ஆனால், அந்த உருளையை வைத்து அண்டா பதநீரைக் காய்ச்ச முடியாது, கட்டுப்படியாகாது. சமையலறைப் புகை குறைந்த வீடுகளில்கூட விடிலிப் புகை குறையவில்லை.

சித்திரை வெயிலில், அனலுக்கு முன்னால், கண் எரிய எரிய நாலு மாதம் உட்கார்ந்து பார்த்த பெண், தன் மகளைத் தீப்பெட்டி ஆலைக்கோ தையல் நிறுவனத்துக்கோ அனுப்பவே நினைப்பார். அங்கே கூலி குறைவாக இருக்கலாம், ஆனால் அது அவள் பெயரில் வரும் கூலி. இதைப் புரிந்துகொள்ளாமல் இளைய தலைமுறைக்குப் பாரம்பரியத்தின் மீது பற்று இல்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

வெட்டுப்படும் பனையோடு போவது எது?

தூத்துக்குடி மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் பெருகிவருகின்றன. மின்சாரம் தேவை, தூய்மையான மின்சாரம் அதைவிடத் தேவை. ஆனால், நிலம் கைமாறும்போது வரப்பில் நின்ற பனைகளுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். செங்கல் சூளைக்கும் பனை வெட்டப்படுகிறது.

ஊன்றிய பனை விதை பதநீர் தரும் மரமாக 15 ஆண்டுகளாவது ஆகும். இன்றைக்கு ஊன்றும் விதைக்கும் இன்றைக்கு வெட்டும் மரத்துக்கும் இடையில் ஒரு தலைமுறை வேலையின்றி நிற்கும். வெட்டுக்கு அனுமதி கேட்டு வரும் மனுவில் நில உரிமையாளரின் பெயர் இருக்கும். அந்த மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவரின் பெயர் இராது. அதன் பதநீரைக் காய்ச்சிக் கோடையைக் கடத்தும் பெண்ணின் பெயர் நிச்சயமாக இராது. பாதிக்கப்படுபவரைக் கேட்காமலேயே முடிவெடுக்கிறோம்.

ரேஷன் கடையில் இரண்டு பனைகள்

ஓர் ஒப்பீட்டைப் பார்க்கலாம். 2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீடு 3 கோடி ரூபாய். 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்று அறிக்கை சொன்னது. அதே மாதத்தில் ஒன்றிய அரசு, எண்ணெய்ப்பனை சாகுபடியைப் பெருக்கும் தேசிய இயக்கத்துக்கு 11,040 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. முன்னது ஒரு மாநிலத்தின் ஓராண்டு ஒதுக்கீடு, பின்னது நாடு முழுவதற்குமான பல ஆண்டுத் திட்டம். அப்படியே இருந்தாலும், எந்தப் பனைக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பது தெளிவாகத் தெரிகிறது.

எண்ணெய்ப்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. தண்ணீர் நிறையக் கேட்கும். கரிசல் காட்டுக்கு அது ஒத்துவராது. ஆனால், அதன் எண்ணெய் மாதந்தோறும் ஓட்டப்பிடாரத்துக்கும் வருகிறது. ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரப்படும் பாமாயில் எத்தனையோ ஏழை வீடுகளின் தாளிப்பு. அதைக் குறைசொல்ல இங்கே இடமில்லை. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளையும் பனையின் எண்ணெயை டெண்டர் விட்டு வாங்கி, மானியம் கொடுத்து, குக்கிராமக் கடை வரை கொண்டுசேர்க்க முடிகிற அரசு இயந்திரத்தால், பக்கத்து ஊர்க் கருப்பட்டியைப் பருவத்தில் வாங்கிக்கொள்ள முடியாதா என்பதே கேள்வி. ரேஷன் கடைகளில் கருப்பட்டி விற்கும் அறிவிப்பும் 2021-லேயே வந்தது. அது எல்லா ஊர்களிலும் நிலைத்த கொள்முதலாக வளர வேண்டும்.

ஆப்பிரிக்கப் பெண்கள் தரும் பாடம்

எண்ணெய்ப்பனையின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே வேலைப் பிரிவினைதான். ஆண் மரமேறிக் குலை வெட்டுவார். பழத்தை வேகவைத்து, இடித்து, பிழிந்து, எண்ணெய் எடுப்பது பெண். கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது: எண்ணெய் விற்ற பணம் ஆணுக்கு, கொட்டைக்குள் இருக்கும் பருப்பை விற்ற பணம் பெண்ணுக்கு. அது சிறிய வருமானம்தான், ஆனால் அவள் பெயரில் வந்த வருமானம்.

1929-ல் பனைப் பொருட்களின் விலை சரிந்துகொண்டிருந்த நேரத்தில், பிரிட்டிஷ் நிர்வாகம் பெண்களுக்கும் வரி போடப்போகிறது என்ற செய்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டெழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தார்கள். ‘பெண்களின் போர்’ என்று வரலாறு அதைக் குறித்துவைத்திருக்கிறது.

இன்னொரு பாடமும் அங்கே உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தப் பகுதியில் சிறிய எண்ணெய் ஆலைகள் நிறுவப்பட்டன. பெண்களின் இடிக்கும் வேலை குறைந்தது. ஆனால், ஆண்கள் குலையை நேரே ஆலைக்கு விற்றார்கள். பெண்களுக்கு உரிய பருப்பும் குலையோடு போய்விட்டது. ஆலைகள் வேண்டாம் என்று பெண்கள் போராடினார்கள். அவர்கள் இயந்திரத்தை வெறுத்தவர்கள் அல்லர். தங்கள் பங்கு பறிபோனதைக் கண்டு எதிர்த்தவர்கள்.

கருப்பட்டித் தொழிலை நவீனமாக்கத் திட்டமிடுகிறவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். பொதுக் காய்ச்சுக் கூடம் கட்டி, பனையேறிகளிடம் பதநீரை வாங்கிக்கொண்டால் பெண்ணின் சுமை குறையும். அந்தக் கூடம் யார் பெயரில், யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, அவருடைய தொழிலே அவரைவிட்டுப் போய்விடவும் கூடும்.

செய்ய முடிந்தவை

கூட்டுறவாக இயங்கிப் பார்த்த அனுபவம் நமக்குப் புதிதல்ல. காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கத்தில் ஜே.சி.குமரப்பா பனைவெல்லத்தை ஏழைகளின் தொழிலாக முன்னிறுத்தினார். இதே மாவட்டத்தின் மணப்பாட்டில் பனையோலைப் பொருட்கள் செய்யும் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாக இயங்குகிறார்கள். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்து, ஓர் ஊரின் சிறுதொழில் நாடறிந்த பெயரானதையும் கண்டோம். வழிகள் இருக்கின்றன. அடுப்படியிலிருந்து தொடங்கினால் போதும்.

முதலாவது, பெயர்ப் பட்டியல். ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் ஒன்றியங்களில் ஊராட்சிவாரியாகப் பதநீர் காய்ச்சும் பெண்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பருவம் நடக்கும்போது நல வாரிய முகாமைத் தோப்பிலேயே நடத்தி, அவர்களைத் தனித்தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். கணவரின் அட்டையோடு சேர்த்தல்ல. தீக்காயத்தையும் பாகு பட்ட காயத்தையும் தொழில் விபத்தாக ஏற்க வேண்டும்.

இரண்டாவது, புகைபோக்கி அடுப்பு. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பனை ஆராய்ச்சி நடக்கிறது. மரமேறும் கருவிக்குக் காட்டும் அதே அக்கறையோடு, விறகு குறைவாகப் பிடிக்கும், புகையை வெளியே தள்ளும், அண்டா சரியாத அடுப்பை உருவாக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும் பொறுப்பைக் காய்ச்சும் பெண்களிடமே கொடுக்க வேண்டும். அடுப்புக்கும் ஓடு வேய்ந்த கொட்டகைக்குமான மானியம் பெண்ணின் பெயரில், அவருடைய வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.

மூன்றாவது, முன்பணம். வியாபாரியின் பிடி தை மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்பே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ மகளிர் குழுவோ பருவக் கடன் கொடுத்து, ஆடியில் திரும்பப் பெறலாம். நுண் உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்காக 2020-ல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் திட்டத்தில், சுய உதவிக் குழு உறுப்பினருக்குத் தலா 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் தர வழி உண்டு. கருப்பட்டிக் குழுக்களுக்கு அதைப் பெற்றுத்தரும் வேலையை மாவட்ட நிர்வாகம் ஏற்க வேண்டும்.

நான்காவது, தரமும் விலையும். ஒன்றியத்துக்கு ஒரு கூடமாவது மகளிர் குழுவின் பொறுப்பில் அமைய வேண்டும். அங்கே சீனிக் கலப்பைக் கண்டறியும் வசதி, ஈரம் புகாத கிடங்கு, பொட்டலம் கட்டும் கருவி ஆகியவை இருந்தால் போதும். பொட்டலத்தின் மீது ஊரும் காய்ச்சிய குழுவின் பெயரும் அச்சாக வேண்டும். அரசு பருவத்துக்கு முன்பே கொள்முதல் விலையை அறிவித்து, ரேஷன் கடைகளுக்கும் கூட்டுறவு அங்காடிகளுக்கும் அங்கிருந்தே வாங்க வேண்டும். நான்குவழிச் சாலைக் கடைகளும் கோவில்பட்டியின் மிட்டாய்த் தொழிற்கூடங்களும் குழுவோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ள முன்வரலாம்.

ஐந்தாவது, வெட்டு அனுமதி. பனை வெட்டக் கோரும் மனு வந்தால், அந்த மரத்தை நம்பியிருக்கும் குடும்பத்தை, குறிப்பாகக் காய்ச்சும் பெண்ணை, விசாரித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். மின் நிலையங்கள் அமைக்கும் நிறுவனங்கள் நிலத்தின் எல்லையில் நிற்கும் பனைகளை விட்டுவைப்பதை அனுமதியின் நிபந்தனையாக்கலாம்.

ஆறாவது, மீதி ஏழெட்டு மாதம். ஓலை, நார், கிழங்கு, பனம்பழக் கூழ் என்று பருவம் அல்லாத காலத்திலும் பனையிலிருந்து பொருள் செய்ய முடியும். அதே கூடம், அதே குழு, அதே கிடங்கு இதற்கும் பயன்படட்டும். ஆண்டு முழுவதும் வருமானம் வரும் தொழிலுக்கே அடுத்த தலைமுறை வரும்.

வாங்குகிற நமக்கும் பங்கு உண்டு. மலிவாகக் கிடைக்கும் கருப்பட்டியைச் சந்தேகியுங்கள். எந்த ஊரில், யார் காய்ச்சியது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் வியாபாரியைக் கேட்பார். கேள்வி தோப்பு வரை போய்ச் சேரும்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. வாரியம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, கூட்டுறவுச் சங்கமும் மகளிர் குழுவும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. செலவும் பெரிதல்ல. வரும் தை மாதத்துக்குள் பெயர்ப் பட்டியலையும் பருவக் கடனையும் முடித்துவிட்டால், பங்குனியில் அடுப்பு மூட்டும்போதே மாற்றம் தொடங்கிவிடும். தூத்துக்குடி மாவட்ட நிர்வாகம் இந்த இரண்டு ஒன்றியங்களில் இதைச் செய்துகாட்டட்டும். மற்ற பனை மாவட்டங்கள் பின்தொடரும்.